மணி அடித்த தோட்டம்

எங்கள் ஊரில் மாதா படம் யார் கையிலும் சும்மா ஏறியதில்லை. ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, பூசை முடிந்ததும், கோயில் முற்றத்தில் ஏலம் நடக்கும். படத்தை ஏந்தி ஊரைச் சுற்றுகிற உரிமை ஒருவருக்கு, முன்னால் கொடி பிடிக்கிற உரிமை இன்னொருவருக்கு. ஏலம் கேட்பது பணத்தில் அல்ல, எண்ணெயில். இத்தனை டின் என்று கூவ வேண்டும். அந்த மாதத்தில் ஆலிவ் காய் மரத்தில் பச்சையாகக் கல் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் குளிர்காலத்தில்தான் வரும். ஆகவே கூவுகிற எவரும் கையில் இல்லாததைத்தான் கொடுக்கிறார். கையில் இல்லாததைக் கொடுக்கும்போது எங்கள் ஊர்க்காரர்களைப் போலத் தாராளமானவர்கள் இந்தத் தீவிலேயே கிடையாது.

அந்த வருஷம் வசந்தத்தில், வளைகுடாவின் அக்கரையில் கூலி வேலை முடிந்து திரும்பிய படகு ஒன்று தென்காற்றில் கவிழ்ந்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அதில் போனார்கள். மூன்று பிள்ளைகள் மிஞ்சின. மூத்தவள் மிர்சினி, பன்னிரண்டு வயது. அடுத்தவன் அர்கிரிஸ். கடைசி தசூலா, பேச்சு இன்னும் திருந்தாத வயது. செத்தவளின் தங்கை அமெரிஸா மூன்று பேரையும் யாரையும் கேட்காமல் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அவள் புருஷன் இக்னாதிஸ் மரம் ஏறி ஆலிவ் அடிக்கிறவன். பிள்ளை இல்லாத வீடு. ஒரே அறை. ஐந்து பேர் படுத்தால், கதவைத் திறக்க யாராவது ஒருவர் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

ஊரில் இரக்கம் பொங்கியது. பொங்கியதும் ஒரு குழு அமைந்தது. குழுவில் பாப்பா ஃபோதிஸ் சாமியார் (பாப்பா என்பது எங்கள் பக்கத்தில் கோயில் சாமியாருக்குப் பட்டம்) இருந்தார், பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். தலைவர் பெரிக்லிஸ். ஊரின் பெரிய எண்ணெய்ச் செக்கும், பாறைமேட்டின் இரு பக்கமும் இறங்குகிற பெரிய தோட்டமும் அவருடையவை. இரக்கத்துக்கும் ஒரு தலைவர் வைத்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்.

குழு தீர்மானித்தது இதுதான். இந்த வருஷம் ஏலத்தில் வருகிற எண்ணெய் எல்லாம் பிள்ளைகளுக்கு. எண்ணெய் வந்து சேர்ந்தால் பிள்ளைகள் சித்தி வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால், பிப்ரவரி பிறந்ததும் சின்னவர்கள் இருவரையும் நகரத்து அநாதை விடுதிக்கு அனுப்புவது, மிர்சினியை ஒரு நல்ல வீட்டில் ஆத்ம மகளாகச் சேர்ப்பது.

ஆத்ம மகள் என்றால் வளர்க்கிறவரின் ஆத்மாவுக்குப் புண்ணியம். வளர்கிறவளுக்குப் பாத்திரமும் துணியும் தரையும். சம்பளம் கிடையாது. கல்யாணத்துக்குச் சீதனம் கொடுப்பதாகப் பேச்சு. அந்தச் சீதனத்தைக் கண்ணால் கண்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. நல்ல வீடு என்று பெரிக்லிஸ் சொன்னது தன் வீட்டைத்தான்.

ஏலத்தன்று பிள்ளைகள் மூவரையும் குளிப்பாட்டி, கறுப்புத் துணி உடுத்தி, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சின் மேல் நிற்க வைத்தார்கள். ஆகஸ்டு வெயில். தசூலாவின் கழுத்தில் வேர்க்குரு சிவந்து கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு மனம் இளக வேண்டும் என்று பெஞ்சு யோசனை சொன்னவர் வாத்தியார்.

பெரிக்லிஸுக்கும் கேப்டன் பனாகோஸுக்கும்தான் போட்டி. கேப்டன் ஒரு காலத்தில் சரக்குக் கப்பல் வைத்திருந்தவர். கப்பலை விற்று, தோட்டமும் சின்னச் செக்கு ஒன்றும் வாங்கிக் கரை ஒதுங்கியவர். இரண்டு பேரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூவினார்கள்.

"இருபத்தஞ்சு டின்!"

"முப்பது! தாய்தகப்பன் இல்லாத பிள்ளைங்களுக்காக!" இது கேப்டன்.

"நாப்பது! மாதாவுக்காக!"

"மாதாவுக்கா பிள்ளைங்களுக்கா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க முதலாளி" என்று பெண்கள் பக்கத்திலிருந்து எலெங்கோ குரல் கொடுத்தாள். ஆலிவ் பொறுக்குகிற பெண்களில் அவள்தான் முன்வரிசைக்காரி. நாக்கும் முன்வரிசைதான். "ரெண்டு பேருக்கும்னா எம்பது ஆச்சே."

முற்றமே சிரித்தது. பெரிக்லிஸும் சிரித்து வைத்தார். நாற்பதில் ஏலம் முடிந்தது. கொடியைக் கேப்டன் பத்துக்கு எடுத்தார். பெண்கள் அழுதார்கள், ஆண்கள் கைதட்டினார்கள். அன்று முற்றத்தில் வாயால் ஊற்றிய எண்ணெய் நிஜமாக இருந்திருந்தால் கடைத்தெரு வழுக்கி யாரும் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. ஊர்வலம் முடிந்ததும் மிர்சினியைக் கூப்பிட்டுப் பெரிக்லிஸின் கையை முத்தமிடச் சொன்னார்கள். அவள் முத்தமிட்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள். அதை அமெரிஸா மட்டும் பார்த்தாள்.

*

நவம்பரில் அறுவடை தொடங்கியது. அமெரிஸாவும் இக்னாதிஸும் வேலை பார்த்தது பெரிக்லிஸின் தோட்டத்தில்தான். ஆண்கள் நீளக் கழியால் மேல் கிளைகளை அடிப்பார்கள். காய் மழை போலக் கொட்டும். பெண்கள் வரிசையாக மண்டியிட்டு, ஒவ்வொரு காயாகப் பொறுக்கிக் கூடையில் போடுவார்கள். கூலி கூடைக் கணக்கு. எத்தனை கூடை நிறைகிறதோ அத்தனைக்குத் தக்க எண்ணெய். காலையில் உறைபனி. புல் கண்ணாடி போல நிற்கும். காயை எடுக்கும்போது விரல் எது, காய் எது என்று தெரியாது. பத்து மணிக்கு மேல் பனி உருகி முழங்காலில் கட்டிய சாக்குத்துணி கனக்கும். வாங்கேலிஸ் என்கிற மேற்பார்வைக்காரர் ஒரு தடியை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். அதிகம் பேசாதவர். புல்லுக்குள் ஒரு காய் கிடந்தாலும் தடியின் நுனியால் அதைத் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான்.

மத்தியானம் காய்ந்த கிளைகளை எரித்துக் குளிர் காய்வார்கள். ரொட்டியை நெருப்பில் வாட்டி, உப்பு மத்தி மீனும் வெங்காயமும் வைத்துத் தின்பார்கள். அமெரிஸா தன் ரொட்டியில் பாதியைத் துணியில் முடிந்து வைப்பாள். அது வீட்டுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்க்காதது போலத் தங்கள் மீனில் ஒன்றை அவள் பக்கம் தள்ளுவார்கள்.

"எனக்கு இந்த மீனு ஒத்துக்கலை. நீ தின்னு" என்பாள் ஒருத்தி.

"உப்பு ஜாஸ்தி எனக்கு" என்பாள் இன்னொருத்தி.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல வியாதி வந்துருச்சு பாரு" என்பாள் எலெங்கோ. "தின்னுடி. வியாதிக்காரங்க கிட்ட வாதாடாதே."

கிறிஸ்துமஸ் நெருங்கியும் நாற்பது டின்னில் ஒரு சொட்டு வரவில்லை. கேப்டனின் பத்தும் வரவில்லை. ஆகஸ்டில் தங்கள் பங்குக்கு இரண்டு டின், மூன்று டின் என்று கூவிய சில்லறைக்காரர்களில் மளிகைக்கடைக்காரர் மட்டும் பாதி டின் அனுப்பினார். அதையும் கடைத்தெரு வழியாகப் பட்டப்பகலில் கழுதை மேல் ஏற்றி அனுப்பினார். அதன் கழுத்தில் மணி வேறு.

இக்னாதிஸ் செக்குக்குப் போய் நின்றான். பெரிக்லிஸ் அடுப்போரமாக ஏதென்ஸிலிருந்து வாங்கி வந்த புது பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த பூட்ஸில் சேறு படக் கூடாது என்பதற்காக அந்தப் பருவம் முழுக்க அவர் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

"என்னப்பா இக்னாதி?"

"அந்தப் பிள்ளைங்க எண்ணெய் விஷயம் முதலாளி."

"எந்த எண்ணெய்?"

"மாதா திருநாள்ல நீங்க சொன்னது. நாப்பது டின்."

"ஓ, அதுவா. நான் இல்லைன்னேனா? மரத்துல பாதி காய் நிக்குது. முதல் எண்ணெய் வியாபாரிக்கு. நடு எண்ணெய் கடனுக்கு. தர்மம்னா கடைசி எண்ணெய்ல குடுக்கறதுதான் முறை."

"பிப்ரவரி வந்துட்டா பிள்ளைங்களை..."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். உனக்கு எதுக்கு இந்தப் பாரம்? பெரியவளை எங்க வீட்டுக்கு அனுப்பிடு. என் வீட்டுக்காரி ஆசைப்படறா. பொண்ணுக்குச் சோறு, துணி, ஒரு குடும்பம். நாப்பது டின்னை விட இது பெரிசு இல்லையா? எண்ணெய் தீர்ந்து போகும். குடும்பம் தீருமா?"

"அப்ப எண்ணெய்?"

"ஒரே பிள்ளைக்கு ரெண்டு தர்மம் வாங்குவியா? நல்லா இருக்கே!"

இக்னாதிஸ் மரத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று அடிக்கத் தெரிந்தவன். இந்தப் பேச்சுக்கு முன் அவனுக்கு இரண்டு காலும் நிற்கவில்லை. தொப்பியைக் கையில் பிசைந்தபடி திரும்பி வந்தான்.

புத்தாண்டு கழிந்து பெரிக்லிஸின் மனைவி கலியோப்பி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு சர்க்கரை பிஸ்கட். கிறிஸ்துமஸில் மீந்தது. மேலே தூவிய சர்க்கரை கரைந்து பழுப்பாகி இருந்தது. உட்காரச் சொன்ன நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இவதானா? கையைக் காட்டு."

மிர்சினி கையைக் காட்டினாள்.

"விரலெல்லாம் வெடிச்சிருக்கே. எங்க வீட்டுல வெந்நீர் உண்டு. பல்லு?"

"பல்லு எதுக்கும்மா?" என்றாள் அமெரிஸா. "கடிக்கவா சொல்லப் போறீங்க?"

"வியாதி கியாதி இருக்கான்னு பாக்க வேண்டாமா? வீட்டுக்குள்ள விடற பொண்ணு." கலியோப்பி கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை ஏப்ரனை எடுத்து மிர்சினியின் தோளில் வைத்து அளந்து பார்த்தாள். "கொஞ்சம் நீளம். வளர்ந்துருவா. எங்களை அம்மா அப்பான்னு கூப்பிட வேண்டாம். அது பழகலை எங்களுக்கு. அம்மணின்னு சொன்னாப் போதும்."

"என் அக்கா மகளை நான் குடுக்கறதா இன்னும் சொல்லலை."

"நீ சொல்றதுக்கு என்ன இருக்கு அமெரிஸா? குழு சொல்லும். அழாதே. நல்ல காரியத்துக்கு அழக் கூடாது."

"நான் அழலைம்மா. அடுப்பு புகையுது."

அடுப்பு அன்று பற்ற வைத்தே இருக்கவில்லை. கலியோப்பி போன பிறகு தசூலா பிஸ்கட்டுக்குக் கை நீட்டினாள். அமெரிஸா யோசித்தாள். குழந்தைக்குப் பசி, அதில் பிஸ்கட்டின் குற்றம் எதுவும் இல்லை. கொடுத்தாள். மிர்சினி ஏப்ரனை நான்காக மடித்து, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:

"சித்தி, நான் அங்க போயிட்டா இதுங்க ரெண்டையும் நீ வெச்சுக்க விடுவாங்களா? அதை மட்டும் குழுகிட்ட கேட்டுச் சொல்லு. நான் போறேன்."

அமெரிஸா தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அவள் பகலில் படுத்ததை அந்தத் தெருவில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் விஷயம் மறுநாள் காலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

*

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் அறுவடை முடிந்தால், தோட்டக்காரர் கோயிலுக்குப் போய்த் தன் கையால் மணி அடிப்பார். மணி அடித்தால் அந்தத் தோட்டம் விட்டாச்சு. அதற்குப் பிறகு மரத்தில் நிற்பதும் தரையில் கிடப்பதும் ஏழைகளுக்கு. விதவைகளும் வயதானவர்களும் போய், புல்லைக் கிளறிக் கூடையில் கால்வாசி பொறுக்கி வருவார்கள். அதற்கு மேல் எந்தத் தோட்டத்திலும் மிஞ்சியதில்லை. எங்கள் முதலாளிகள் எறும்புக்குக் கூட விட்டுவைக்காதவர்கள்.

ஆனால் ஊரில் முதல் மணி யார் அடிப்பது என்பதில் ஒரு பெருமை உண்டு. முதல் மணிக்காரருக்குக் காப்பிக் கடையில் அந்த வருஷம் முழுக்க ஜன்னலோர நாற்காலி. பெரிய தோட்டத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து சில வருஷங்களாகப் பெரிக்லிஸ் கேப்டனிடம் தோற்று வந்தார். இந்த வருஷம் கேப்டன் முடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் தினமும் ஆள் அனுப்பினார். சீக்கிரம், சீக்கிரம்.

பாறைமேட்டுக்கு அந்தப் பக்கம், சாலையிலிருந்து தெரியாத சரிவில், கடைசி மரங்கள் பாக்கி இருந்தன. நல்ல மரங்கள். கறுத்துப் பழுத்த காய். அன்று காலை அடி தொடங்கியபோது, ஆண்கள் கீழ்க்கிளையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். உச்சி அப்படியே நின்றது. பெண்கள் வரிசை ஒரு கைப்பிடி அள்ளியது, இரண்டு கைப்பிடியைத் தாண்டிப் போனது.

அமெரிஸாவுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து வரிசைக்காரி தவறவிட்டதாக நினைத்து, மண்டியிட்டபடியே பின்னால் போய்ப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அமெரிஸா, நிமிரு" என்றாள் எலெங்கோ.

"இங்க நிறையக் கிடக்குதுக்கா."

"கிடக்கட்டும்."

"பாதிக்கு மேல விட்டுட்டுப் போறாங்களே!"

"எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. இவளுக்கு முதுகு பிடிச்சிருக்கு. அவளுக்கு ரெண்டு நாளா மூட்டு வலி. வியாதிக்காரங்க கிட்ட வாதாடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

அமெரிஸா எழுந்து நின்றாள். சரிவு முழுக்கப் பார்த்தாள். மரத்தின் மேல் அவள் புருஷன் இக்னாதிஸ் கழியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது திருட்டு, அக்கா."

"யாரு திருடினா? என் கையைப் பாரு. வெறுங்கை. எடுத்தாத்தாண்டி திருட்டு."

"முதலாளி காய்..."

"முதலாளி மாதா படத்தைத் தூக்கிக்கிட்டுப் போனாரா இல்லையா? அந்தக் காய் அன்னைக்கே இவர் கையை விட்டுப் போயிருச்சு. மரத்துக்கு மட்டும் இன்னும் தெரியலை."

"உங்க கூலி? கூடை குறையுமே?"

எலெங்கோ முழங்கால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "குறையும்தான். இந்தக் குளிர்காலம் நான் கொஞ்சம் இளைக்கணும்னு இருக்கேன். என் புருஷன் இருந்தப்பவே சொல்லுவான்."

அமெரிஸா தன் வரிசைக்குத் திரும்பினாள். அவளால் விட முடியவில்லை. காயைக் கண்டால் கை தானாகப் போய் எடுத்தது. எடுத்தபடியே அழுதாள். மற்றவர்கள் அவளைத் தடுக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. அவள் வரிசையில் இருந்த மரங்களின் அடி மட்டும் வீட்டு வாசல் போலச் சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் வாங்கேலிஸ் மேட்டைத் தாண்டி வந்தார். தடியை ஊன்றி நின்றார். கறுத்த தரையையும் கறுத்த மரங்களையும் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய காய் அதுவரை இல்லை. தடியின் நுனி ஒரு காயைத் தொட்டது. பிறகு அதைப் புல்லுக்குள் மெதுவாகத் தள்ளிவிட்டது.

"மழை வரும் போல இருக்கு" என்றார். "கழியெல்லாம் கட்டுங்க. முடிஞ்சுதுன்னு போய்ச் சொல்றேன்."

வானத்தில் மேகமே இல்லை.

வாங்கேலிஸ் சொன்னதைக் கேட்ட பெரிக்லிஸ் தோட்டத்தை வந்து பார்க்கவில்லை. கேப்டனின் ஆட்கள் இன்னும் கழி கட்டவில்லை என்று கேள்விப்பட்டதே போதுமாக இருந்தது. புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தார். மணிக் கயிற்றை அவர் இழுத்த இழுப்பில் கூரைப் புறாக்களெல்லாம் வளைகுடா வரைக்கும் பறந்தன. காப்பிக் கடையில் எல்லாருக்கும் ஊசோ சாராயம் வாங்கிக் கொடுத்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கேப்டனின் வீட்டுப் பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

*

மறுநாள் காலை அமெரிஸாவின் வீட்டு வாசலில் எலெங்கோ வந்து நின்றாள். சாக்கும் கூடையும் கொண்டு வந்திருந்தாள். "பிள்ளைங்களைக் கிளப்பு. மணி அடிச்சாச்சு."

"எனக்கு மனசு ஒப்பலைக்கா."

"நேத்து உன் மனசு சொன்னபடி நீ பொறுக்கினே. யாராவது உன்னை ஏதாவது சொன்னோமா? இன்னைக்கு நாங்க எங்க கூலியை அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுக்கறோம். வேண்டாம்னு சொல்ல நீ யாருடி?"

அமெரிஸா உள்ளே போனாள். பிறகு மாதா படத்துக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு, தசூலாவின் காலுக்குத் துணி சுற்றினாள்.

வருஷா வருஷம் பொறுக்கப் போகிற விதவைகளும் கிழவர்களும் தோட்டத்துச் சுவரோரம் வந்திருந்தார்கள். உள்ளே அவர்களுக்கும் உரிமை உண்டு. ஒருவரும் உள்ளே போகவில்லை. பிள்ளைகள் முதலில் போகட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர்களில் ஒரு கிழவர் சாக்கின் வாயைப் பிடிக்க மட்டும் போனார். அர்கிரிஸ் மரம் ஏறினான். மிர்சினி மண்டியிட்டுச் சித்தியைப் போலவே பொறுக்கினாள். சுத்தமாக இருந்த சில மரங்களின் அடியைக் கண்டதும் நின்றாள்.

"இது சித்தி மரம்" என்றாள். அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தும் அந்தத் தரையை ஒரு தடவை கையால் தடவிவிட்டுத் தாண்டிப் போனாள்.

மத்தியானத்துக்குள் மூட்டைகள் சுவரை ஒட்டி நின்றன. செய்தி காப்பிக் கடைக்குப் போயிற்று. பெரிக்லிஸ் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்து, அந்தப் பருவத்தில் முதல் தடவையாகத் தன் தோட்டத்துக்கு வந்தார். பூட்ஸ் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. பாப்பா ஃபோதிஸ் அதற்கு முன்பே வந்து அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"திருட்டு!" என்று கத்தினார் பெரிக்லிஸ். "பட்டப்பகல்ல! மரம் மரமா நிக்குது காய்! வாங்கேலிஸ் எங்கே? சாமி, நீங்களே பாருங்க, பாதித் தோட்டத்தை அறுக்காம விட்டிருக்காங்க!"

"பாத்தேன்" என்றார் சாமியார்.

"நிறுத்தச் சொல்லுங்க!"

"முதலாளி, மணி அடிச்சது யாரு?"

"நான்தான். முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, அடிச்சேன்."

"நீங்க வந்து பாக்கலையா?"

பெரிக்லிஸ் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். கேப்டன் கூட்டத்தின் பின்னால் கைகட்டி நின்று புன்னகை செய்துகொண்டிருந்தார்.

பாப்பா ஃபோதிஸ் குரலை உயர்த்தாதவர். "எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "ஞாயித்துக்கிழமை பூசையில ஊருக்கு நான் ஏதாவது சொல்லியாகணும். ரெண்டு விதமாச் சொல்லலாம். பெரிக்லிஸ் தன் தோட்டத்தைப் பாக்காமலே முதல் மணி அடிச்சாரு, அதனால அந்த மணி செல்லாதுன்னு சொல்லலாம். அப்ப காய் உங்களுக்குத் திரும்பும், நாற்காலி கேப்டனுக்குப் போகும். இல்லைன்னா, மாதாவுக்குச் சொன்ன வாக்கை மனசுல வெச்சுக்கிட்டு, பிள்ளைங்களுக்காக நல்ல மரமாப் பாத்து விட்டுட்டு மணி அடிச்சாருன்னு சொல்லலாம். எதைச் சொல்லட்டும்?"

காற்று ஆலிவ் இலைகளைத் திருப்பிப் போட்டது. வெள்ளி நிறமாகத் தெரிந்தது சரிவு. பெரிக்லிஸ் ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவினார்.

"ரெண்டாவது" என்றார்.

"சரியாக் கேக்கலை."

"ரெண்டாவதையே சொல்லுங்க சாமி. நான் நினைச்சதும் அதுதான்."

"தெரியும்" என்றார் சாமியார்.

காயை அரைக்கக் கேப்டன் தன் செக்கைக் கொடுத்தார். அரைப்புக்குரிய பங்கு எடுக்கவில்லை. வாழ்நாளில் அவர் செய்த ஒரே தர்மம் அது. அதையும் பெரிக்லிஸ் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தார். ஆகஸ்டில் கொடிக்காகக் கூவிய பத்து டின்னை அவர் கடைசி வரை தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாற்பது டின் வரவில்லை. ஆனால் ஐந்து பேர் வருஷம் முழுக்கச் சாப்பிடவும், விற்று மாவும் துணியும் வாங்கவும் போதுமானது வந்தது. குழு கூடி, பிள்ளைகள் சித்தி வீட்டிலேயே இருக்கலாம் என்று பெருந்தன்மையாகத் தீர்மானித்தது. கலியோப்பி ஏப்ரனைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். மிர்சினி அதைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

*

புது எண்ணெயில் ஒரு புட்டி மாதா விளக்குக்கு என்பது எங்கள் வழக்கம். கொண்டுவருகிறவர் யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பேர் சொல்வார். சாமியார் அதைச் சத்தமாகப் படிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிக்லிஸ் புதுக் கோட்டு போட்டு முன்னால் நின்றார். சாமியார் சொன்னபடி அவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். ஒன்றே ஒன்று. பெரிக்லிஸ் இன்னும் நாலைந்து வாக்கியங்களுக்குத் தலையைக் குனிந்து தயாராக வைத்திருந்தார். அதற்குள் மிர்சினி புட்டியோடு போய் நின்றாள்.

"யார் யாருக்கும்மா?"

அவள் முதலில் செத்துப்போன தாய்தகப்பன் பேர்களைச் சொன்னாள். பிறகு உயிரோடிருப்பவர்கள். சித்தி அமெரிஸா, சித்தப்பா இக்னாதிஸ், எலெங்கோ. அதன் பிறகு தோட்டத்தில் பொறுக்கிய பெண்களின் பேர் ஒவ்வொன்றும். மரத்தில் ஏறி அடிக்காமல் விட்டவர்கள் பேர். மேற்பார்வை வாங்கேலிஸ். சாக்கு பிடித்த கிழவர். சுவரில் சாய்ந்து நின்றவர்கள். ஒரு பேரும் விட்டுப்போகவில்லை. கூலிக்காரர்கள் பேர் அத்தனையும் அந்தக் கோயிலில் அப்படி வரிசையாகக் கேட்டது அன்றுதான். ஒவ்வொரு பேருக்கும் பின்னால் எங்காவது ஒரு தொண்டை கனைத்தது. பெரிக்லிஸின் கழுத்து ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் தாழ்ந்தது. புட்டி கைமாறப் போகிற கடைசி நிமிஷத்தில் மிர்சினி சொன்னாள்:

"பெரிக்லிஸ்."

பூசை முடிந்து படியில் இறங்கும்போது எலெங்கோ அவள் காதைத் திருகினாள். "அந்த ஆளு பேரை எதுக்குடி சொன்னே?"

"அவருக்கும் யாராவது வேண்டிக்கணும்ல பெரியம்மா."

"அப்ப ஏன் கடைசில சொன்னே? ஆண்டவரு வரிசையெல்லாம் பாக்க மாட்டாருடி."

"ஆண்டவரு பாக்க மாட்டாரு" என்றாள் மிர்சினி, தசூலாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே. "முதலாளி பாப்பாரு."